ஆங்கிலச் சொல்வகைகள்

ஆங்கிலச் சொல்வகைகள் என்பன, ஆங்கிலச் சொற்களை அவற்றின் பொருள், வடிவம், வாக்கியத்தில் அவை நிற்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு இலக்கண ஆசிரியர்கள் பகுத்த பிரிவுகளாகும். பெயர்ச்சொல், மாற்றுப்பெயர், பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்பிடைச்சொல் என இவை எட்டாகப் பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றன. இந்த எட்டு என்னும் எண் ஆங்கிலத்தை ஆராய்ந்து கண்ட முடிவன்று. ஆங்கிலம் எழுத்து வழக்குப் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேறொரு மொழிக்கு வகுக்கப்பட்டு, கைமாறி வந்தது.

கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ, ஒரு கூற்றில் எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதனை 'ஓனொமா' என்றும், அதைப் பற்றிச் சொல்வதனை 'ரேமா' என்றும் இரண்டாகப் பிரித்தார். அவர் மாணவர் அரிஸ்டாட்டில் இவற்றோடு இணைக்கும் சொற்களையும் சேர்த்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, அலெக்சாந்திரியாவில் கற்ற தியோனீசியசு திராக்சு பெயரில் வழங்கும் சிறு இலக்கண நூலில்தான் எட்டு வகைகள் முழுமையாக எண்ணப்பட்டன. அந்த எட்டில் பெயரடைக்குத் தனி இடமில்லை. கிரேக்கத்தில் அதுவும் பெயரைப் போலவே வேற்றுமை உருபு ஏற்றதால் பெயருக்குள்ளேயே அடங்கியது. மாறாக, வினையைப் போலக் காலமும் பெயரைப் போல வேற்றுமையும் காட்டிய எச்ச வடிவம், இருபக்கமும் பங்குகொள்வது என்னும் பொருளுடைய பெயரோடு தனி வகையாக நின்றது.

இப்பகுப்பை இலத்தீனுக்குக் கொண்டுவந்த உரோமானியர் ஓர் இடையூற்றைச் சந்தித்தனர். பெயருக்கு முன் வரும் சார்படை, அதாவது ஆங்கிலத்தின் 'த' போன்ற சொல், கிரேக்கத்தில் உண்டு, இலத்தீனில் இல்லை. சார்படையை நீக்கினால் ஏழுதான் எஞ்சும் நிலையில், கிரேக்கர் வினையடைக்குள் அடக்கியிருந்த வியப்புச் சொற்கள் தனி வகையாகப் பிரிக்கப்பட்டன. எட்டு எட்டாகவே நின்றது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் தொனாத்தசும், கி.பி. 500ஐ ஒட்டிக் கான்சுடாண்டிநோபிளில் கற்பித்த பிரிசியனும் எழுதிய நூல்கள் வழியாக அது ஐரோப்பியப் பள்ளிகளில் ஓராயிரம் ஆண்டுகள் ஆட்சி செய்தது.

இங்கிலாந்தில் இக்கருத்துகளைத் தாய்மொழியில் முதன்முதல் எடுத்துரைத்தவர், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்து பின்னர் ஐன்சம் மடத்தின் தலைவரான எல்ஃப்ரிக் என்னும் துறவி. இலத்தீன் பயிலும் சிறுவர்களுக்காகப் பழைய ஆங்கிலத்தில் இலக்கணம் எழுதிய அவர், கலைச்சொற்களைக் கடன் வாங்காமல் பெயர்த்தார். பெயர்ச்சொல்லுக்கு 'நாமா' என்ற சொல்லையும், மாற்றுப்பெயருக்குப் 'பெயரின் பதிலாள்' என்று பொருள்படும் தொடரையும், வியப்பிடைச்சொல்லுக்கு 'இடையில் எறியப்பட்டது' என்று பொருள்படும் சொல்லையும் வழங்கினார். ஒவ்வொரு பெயரும் தான் குறிக்கும் வகையைத் தானே விளக்கியதால், பின்னாளில் வென்ற இலத்தீன் பெயர்களைக் காட்டிலும் சிறுவர்க்கு இவை எளிதாகவே இருந்திருக்கும்.

ஆங்கிலத்திற்கென்றே அச்சான முதல் ஆங்கில இலக்கணத்தை வில்லியம் புல்லோகர் 1586இல் வெளியிட்டார். ஆங்கிலமும் விதிகளுக்கு உட்பட்ட மொழியே என நிறுவ விரும்பிய அவர், பள்ளிகளில் அரச ஆணையோடு வழங்கிய வில்லியம் லில்லியின் இலத்தீன் இலக்கணத்தையே வார்ப்பாகக் கொண்டமையால், எட்டு வகைகளும் அப்படியே ஆங்கிலத்தில் குடியேறின. நாடக ஆசிரியர் பென் ஜான்சன் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1640இல் அச்சான நூல் சார்படையை ஒன்பதாவது வகையாகச் சேர்த்தது. கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வரும் வழியில் உதிர்ந்த வகை இவ்வாறு ஆங்கிலத்தில் மீண்டது.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தின் சொந்த இயல்பு மெல்ல மேலெழுந்தது. ஆங்கிலப் பெயரடை பன்மை விகுதியோ வேற்றுமை உருபோ ஏற்பதில்லை என்பதால் அதனைப் பெயரோடு வைக்கக் காரணம் இல்லாமற்போயிற்று. எச்ச வடிவமும் வினைக்குள் ஒதுங்கியது. ஆக்சிசன் ஆய்வால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி 1761இல் வெளியிட்ட நூலில் இன்றைய பள்ளிப் பட்டியலின் எட்டு வகைகளும் காணப்படுகின்றன. அடுத்த ஆண்டு இராபர்ட் லோத்தும், 1795இல் லிண்ட்லி மர்ரேயும் சார்படையைச் சேர்த்து ஒன்பது என்றனர். இந்தியப் பள்ளிகளுக்கு இம்மரபு நெஸ்ஃபீல்டின் பாடநூல்களாலும், பின்னர் ரென், மார்ட்டின் இருவரின் நூலாலும் வந்து சேர்ந்தது.

இப்பகுப்பின் அடிப்படைக் குறையை வெளிப்படையாகச் சுட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃப்ரீஸ். பெயர்ச்சொல்லைப் பொருளாலும், பெயரடையை அது செய்யும் வேலையாலும் வரையறுப்பது இரண்டு அளவுகோல்களைக் கலப்பதாகும் என அவர் வாதிட்டார்: 'புளூ' ஒரு நிறத்தின் பெயர், ஆனால் 'புளூ டை' என்னும் தொடரில் அதே சொல், அதே பொருளில், பெயரடை எனப்படுகிறது. சுமார் 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1952இல் வெளியிட்ட நூலில், வாக்கியத்தின் காலியிடத்தில் எது பொருந்துகிறது என்பதை மட்டுமே கொண்டு நான்கு பெருவகைகளையும் பதினைந்து சிறு தொகுதிகளையும் அவர் வகுத்தார். இம்முறையின் வலிமை 'ரவுண்ட்' என்னும் சொல்லில் நன்கு புலப்படும்: 'எ ரவுண்ட் டேபிள்' என்பதில் பெயரடை, 'ரவுண்ட் த கார்னர்' என்பதில் முன்னிடைச்சொல், 'தே ரவுண்ட் த கேப்' என்பதில் வினை. தமிழில் 'வட்டமான', 'வட்டமாக' என ஈறு வகையைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் இடமே செய்கிறது. தமிழ் மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவதற்கு இவ்வேறுபாடு முக்கிய காரணமாகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எஸ்பர்சன் 1924இலேயே மற்றொரு முடிச்சை அவிழ்த்திருந்தார். மரபு இலக்கணத்தில் 'பிஃபோர்' என்ற ஒரே சொல், 'பிஃபோர் லஞ்ச்' என்றால் முன்னிடைச்சொல், 'பிஃபோர் ஹி கேம்' என்றால் இணைப்புச்சொல், பின்னால் எதுவுமின்றி நின்றால் வினையடை. செயப்படுபொருள் பெற்றாலும் பெறாவிட்டாலும் வினை வினையே என்பதுபோல, இம்மூன்றும் ஒரே வகையே என்றார் எஸ்பர்சன். ஹட்டில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் இவ்வழியே சென்று மூன்றையும் முன்னிடைச்சொல் என்றே கொண்டது. மாற்றுப்பெயரைப் பெயர்ச்சொல்லின் உட்பிரிவாக்கி, சார்படையை 'திஸ்', 'எவ்ரி' போன்ற சொற்களோடு வேறொரு வகையில் சேர்த்தது.