நெல்லும் சக்கரமும்

பணத்துக்கு நான்கு தொழில்கள் உண்டென்பர் பொருளியலார்: பண்டத்தை மாற்றித் தருதல், மதிப்பை அளத்தல், செல்வத்தைச் சேமித்து வைத்தல், பின்னாளில் தீர்க்கும் கடனுக்கு இன்றே அளவு குறித்தல். இன்று இந்நான்கையும் ரூபாய் ஒன்றே செய்கிறது. பழைய வேணாட்டிலும் திருவிதாங்கூரிலும் அவ்வாறில்லை. தொழிலுக்கொரு பொருள் இருந்தது. யார் கையில் எது புழங்கியது என்பதே அவர் நிலையைக் காட்டிற்று.

அருமனைக்குத் தென்மேற்கே உள்ளது முஞ்சிறை. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அதனருகே பார்த்திவசேகரபுரத்துத் திருமால் கோயிலையும், 95 சட்டர்க்குரிய சாலையையும் அமைத்தான். கோயில் எழுந்த நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. வேறு நிலம் கொடுத்து அதனை மாற்றிக்கொண்டதாக அவன் செப்பேடு கூறுகிறது. காசு அறியாத காலமன்று அது. எனினும் நிலத்துக்கு நிலமே ஈடாயிற்று.

நாஞ்சில் நாட்டின் அளவுகோல் நெல். வயலின் பரப்பையே ‘கோட்டை விதைப்பாடு’ என்று நெல்லால் சொன்னார்கள். உழைத்தவனுக்குக் கூலியும் நெல்லே. ஒற்றி ஓலை எழுதும்போதோ இன்ன பணம் எனப் பெயர் சுட்டி எழுதினர். கலியுகராமன் பணம் அவ்வாறு பெயர்பெற்றது. ஆண்டுகள் கழித்து மீட்கும் கடனுக்கு நாணயத்தின் பெயரே காவல். பொன்னோ நகையாய்ப் பெட்டியில் உறங்கிற்று.

அன்றாடச் சந்தைக்குரியது சக்கரம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் தரவேண்டும். இந்த அரைச் சக்கர வேறுபாடு கணக்கப்பிள்ளைகளை எவ்வளவு வாட்டியிருக்கும்! வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே சிறியது. ஆகவே குழிகள் செதுக்கிய பலகையில் அள்ளிக் கொட்டி அசைப்பர். குழிக்கொன்றாய் நாணயம் அமரும். மிஞ்சியதை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது.

திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் நெற்கூலி பெற்றவன் முற்றும் விடுபட்டானெனச் சொல்வதற்கில்லை. நெல்லை உண்ணலாம், நெடுநாள் வைத்திருக்க இயலாது, புழு அரிக்கும். வேறூர் செல்ல அது வழிச்செலவாகாது. காசு பெற்றவனுக்கே நாளையைப் பற்றி எண்ண இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டில் மலையடிவாரத்தில் ரப்பர் பரவியபோது கூலியின் இயல்பே மாறியது. ரப்பர்ப் பாலை மரக்காலால் அளந்து கூலியாய்க் கொடுக்க முடியாதே! சக்கரம்தான் கொடுக்கவேண்டும்.

ஆனால் அந்தச் சக்கரமும் கைவிட்ட காலம் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. காசு இருந்தும் அரிசி இல்லை. களத்தில் நெல் வாங்கியவன் வீட்டில் அன்று உலை கொதித்திருக்கும். காசுக்கூலி பெற்றவன் கடைவாசலில் நின்றிருப்பான். ஆகவே நெற்கூலியை வெறும் பழமை என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

1949இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது, சக்கரம் வழக்கிழந்தது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து குமரி மாவட்டமாயின. ஐந்து மாதங்களில், 1957 ஏப்ரலில், நயா பைசா வந்து சேர்ந்தது. சக்கரத்திலிருந்து அணாவுக்கு மனக்கணக்கை மாற்றிப் பழகிய முதியோர், மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினர்.