கேமிங் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் பண்றீங்களா? பிராசஸர் சூட்டைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

பிராசஸரை நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். புது பிராசஸர் வாங்காமலே வேகம் கிடைக்கும் என்பதால் கேமர்களுக்கு இதில் ஆர்வம் அதிகம். ஆனால் வேகத்தோடு சூடும் சேர்ந்தே வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஏற்றிய வேகமும் நிற்காது, பிராசஸரின் ஆயுளும் குறையும்.

எல்லா பிராசஸரிலும் முடியுமா?

முடியாது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து வரும் மாடல்களில் முடியும். ஏஎம்டி-யில் பெரும்பாலான ரைசன் டெஸ்க்டாப் மாடல்களில் முடியும். மதர்போர்டும் அதை அனுமதிக்க வேண்டும்.

சூடு ஏன் இவ்வளவு ஏறுது?

வோல்டேஜ்தான் காரணம். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகத்தை 10% ஏற்றி, அதைத் தாங்க வோல்டேஜையும் 10% ஏற்றினால், மின்சாரம் சுமார் 33% கூடிவிடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

எத்தனை டிகிரி வரை போகலாம்?

இது மாடலுக்கு மாடல் மாறும். இன்டெல் கோர் ஐ9-14900கே-வின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ்-க்கு 95 டிகிரி. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஓவர்கிளாக் செய்ததற்கே அர்த்தமில்லை. கேம் ஆடும்போது 80 முதல் 85 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

ரூம் சூட்டையும் கணக்கில் எடுங்க

ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, எதுவாக இருந்தாலும் ரூமின் வெப்பநிலைக்குக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க முடியாது. 25 டிகிரி ஏசி ரூமில் 80 டிகிரி காட்டும் பிராசஸர், மே மாதம் ஏசி இல்லாத 37 டிகிரி ரூமில் ஏறக்குறைய 92 டிகிரி காட்டும். அதனால் வெயில் நேரத்தில், ஏசி போடாமல் டெஸ்ட் செய்து பார்ப்பதே சரி.

என்ன செய்யணும்?

* முதலில் எதையும் மாற்றாமல், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேரில் இப்போதைய சூட்டைப் பாருங்கள். சினிபெஞ்ச் டெஸ்ட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். இப்போதே வரம்பை நெருங்கினால் ஓவர்கிளாக் வேண்டாம்.

* கேபினெட், ஃபேன், கூலரில் உள்ள தூசியைச் சுத்தம் செய்யுங்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்க, மேல்பக்க ஃபேன்கள் வெளியே தள்ள வேண்டும். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

* தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பெரும்பாலான பிராசஸர்களுக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும்.

* பயாஸில் வேகத்தை ஒரே தாவலாக ஏற்றாமல், 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓட்டிச் சூட்டைப் பாருங்கள். கிராஷ் ஆனால் ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள்.

வோல்டேஜில் விளையாட வேண்டாம்

இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் கேம் நடுவே கிராஷ் ஆயின. அளவுக்கு அதிகமான வோல்டேஜ் போனதே காரணம் என 2024-ல் இன்டெல் கூறியது. பயாஸ் அப்டேட் கொடுத்ததோடு, வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அந்த அப்டேட்டால் சரிசெய்ய முடியாது. இந்த வகை பிராசஸர் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதத்துக்குப் பொதுவாக வாரண்டி கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

வேறு வழி இருக்கா?

இருக்கு. வேகத்தை அப்படியே விட்டுவிட்டு வோல்டேஜை மட்டும் கொஞ்சம் குறைப்பதற்கு 'அண்டர்வோல்ட்' என்று பெயர். ரைசனில் 'கர்வ் ஆப்டிமைசர்' மூலம் இதைச் செய்யலாம். சூடு குறைவதால் பிராசஸர் தன் உச்ச வேகத்தில் அதிக நேரம் நிற்கும். ஃபேன் சத்தமும் குறையும். நம்ம ஊர் வெயிலில் பலருக்கு ஓவர்கிளாக்கைவிட இதுவே பொருத்தமாக இருக்கும்.