சாய்வது வாக்காளரா, அணியா? தருமபுரித் தேர்தல்களை முன்வைத்து ஒரு விவாதம்

அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்கள் 2012இல் ஒபாமாவையும் 2016இல் டிரம்பையும் 2020இல் பைடனையும் 2024இல் மறுபடி டிரம்பையும் தேர்ந்தன. அங்கே இரு கட்சிகளும் களத்தில் நிலையாக நிற்க, வாக்காளரில் ஒரு சிறு பகுதியினரே இடம் மாறுகின்றனர். இந்த மாதிரியைத் தமிழகத் தேர்தல்களுக்கும் அப்படியே பொருத்துவது நம் அரசியல் விமர்சனத்தில் வழக்கமாகிவிட்டது. தருமபுரியில் அது பொருந்தவில்லை.

இம்மக்களவைத் தொகுதியில் பாமக 1998, 1999, 2004 என அடுத்தடுத்து மூன்று முறை வென்றது. முதல் வெற்றி அதிமுக–பாஜக அணியில். இரண்டாவது திமுக–பாஜக அணியில். மூன்றாவது திமுக–காங்கிரஸ் அணியில். மூன்று முறையும் மாம்பழத்துக்கே வாக்களித்த ஒரு பென்னாகரத்து விவசாயியிடம் 'நீங்கள் வலமிருந்து இடம் பெயர்ந்தீர்கள்' என்றால் சிரிப்பார். நகர்ந்தது அவரல்லர், கட்சி.

அரூர் இன்னும் தெளிவான சான்று. மார்க்சிஸ்ட் கட்சியின் பி. டில்லிபாபு 2006இல் திமுக அணியிலும் 2011இல் அதிமுக அணியிலும் நின்று அங்கே வென்றார். இரு முறையும் ஆட்சியைப் பிடித்தது அவர் இருந்த அணியே. 2016இல் அக்கட்சி மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோது அரூர் கைநழுவியது. அரூரின் இடதுசாரி மனநிலையை இம்முடிவுகளிலிருந்து அளக்க முயல்வது வீண்வேலை.

அப்படியானால் எல்லாமே கூட்டணிக் கணக்குதானா? இல்லை. 2019 ஏப்ரல் 18 அன்று அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. மக்களவைத் தொகுதி திமுகவுக்குப் போனது. இடைத்தேர்தல் இரண்டிலும் அதிமுக வென்றது. மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கியது என்பதால், ஒரே ஆள் இரு சின்னங்களுக்கு வாக்களித்தார் என்று இதைக்கொண்டு மட்டும் சாதிக்க முடியாது. 2021 வலுவான சான்று தருகிறது. 2019இல் மக்களவையில் தோற்ற அதிமுக–பாமக–பாஜக அணி, மாநிலமெங்கும் திமுக அலை வீசியபோதும், மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளையும் கைப்பற்றியது.

இங்கே அணி நகரவில்லை, வாக்காளர் நகர்ந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் நிறைவேறிய வன்னியர் 10.5% உள் ஒதுக்கீட்டுச் சட்டம்தான் காரணம் என்பர். அதன் எடையை மறுக்க முடியாது. ஆனால் தனித்தொகுதியான அரூரும் அதே பக்கம் நின்றதை அது விளக்காது. 2019இல் கேள்வி மோடியைப் பற்றியது. 2021இல் பக்கத்துச் சேலம் மாவட்டத்துக்காரரான பழனிசாமியைப் பற்றியது. டெல்லிக்கு ஒரு தீர்ப்பு, கோட்டைக்கு ஒரு தீர்ப்பு என்று பிரித்துப் பார்க்கும் இந்த வாக்காளரை, வாக்காளர் மூடரல்லர் என 1966இல் வெளிவந்த நூலில் வாதிட்ட அமெரிக்க அறிஞர் வி. ஓ. கீ அடையாளம் கண்டிருப்பார்.

2024இல் அதிமுக தனி அணி கண்டது. திமுகவின் ஆ. மணி, பாமகவின் சௌமியா அன்புமணியைச் சுமார் 21,000 வாக்குகளில் வென்றார். மூன்றாமிடம் பெற்ற அதிமுகவின் வாக்குகள் அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. இதைத் தருமபுரியின் இடதுசாய்வாகப் படிப்பது பிழை.