பாப்பரசர் முதலாம் கிறகோரியாரும் சிசிலியக் குடியானவரும்

உரோமைத் திருச்சபை புனிதரெனப் போற்றும் பாப்பரசர் முதலாம் கிறகோரியாரின் (ஏறத்தாழ 540–604) வாழ்வு பெரும்பாலும் பக்திநோக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும், எஞ்சியுள்ள அவரது 850க்கு மேற்பட்ட கடிதங்கள் அக்கால நிலவுடைமை உறவுகளை ஆராய்வார்க்கு இன்றியமையாத சான்றுகளாகும்.

செனற்றர் குலத்திற் பிறந்து, உரோம நகரின் உயர் நிருவாகப் பதவி வகித்த கிறகோரியார், பின்னர் செலியன் குன்றிலிருந்த தம் குடும்ப மாளிகையைத் துறவிமடமாக்கினார். 590இல், முன்னிருந்த பாப்பரசர் கொள்ளைநோய்க்குப் பலியானதும், அப்பதவி இவரை வந்தடைந்தது. லொம்பாடியர் இத்தாலியை நெருக்கினர். பைசாந்தியப் பேரரசின் உதவியோ போதவில்லை. எனவே உரோம மக்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு திருச்சபையைச் சார்ந்தது. அதற்கான தானியத்தின் பெரும்பகுதி சிசிலியிலிருந்த திருச்சபைப் பண்ணைகளிலிருந்து வந்தது. உரோம ஏழையின் அப்பம் சிசிலியக் குடியானவனின் உழைப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது.

அப்பண்ணைகளை நிருவகித்த உபதியாக்கோன் பேதுருவுக்கு 591இல் எழுதிய கடிதம் இவ்வுழைப்பு சுரண்டப்பட்ட முறைகளைத் தெளிவாகக் காட்டுகின்றது. விளைச்சல் மிகுந்த காலத்திற் சந்தை விலையிலும் குறைத்துத் தானியம் கொள்ளல், பெரிய அளவைகளால் அளந்து கூடுதலாகப் பெறல், மிகையான திருமண வரி அறவிடல் என்பன அவற்றுட் சில. இவற்றைத் தடைசெய்த பாப்பரசர், விளைவை விற்குமுன் வரி செலுத்த வட்டிக்குக் கடன்படுவோருக்குத் திருச்சபைப் பணத்தையே முன்னதாகக் கொடுத்துச் சிறிது சிறிதாகப் பெறுமாறும் பணித்தார். தம் ஆணை பண்ணைதோறும் வாசிக்கப்பட வேண்டும் என்றும், கொடுமைக்கெதிராகத் தம்மைக் காக்கும் வழியைக் குடியானவர் அறிதல் வேண்டும் என்றும் அவர் விதித்தமை சிறப்பாக நோக்கற்பாலது.

ஆயினும் இக்கருணைக்கு எல்லை உண்டு. குடியானவர் தாம் பிறந்த பண்ணைக்கு வெளியே மணம்புரிதலை அவர் அனுமதித்தாரல்லர். மதம் மாற மறுத்த சார்டீனியக் குடியானவர்மீது குத்தகையை உயர்த்தி நெருக்குமாறு 594இல் எழுதியவரும் அவரே. மனிதர் இயல்பிற் சுதந்திரர் எனக்கூறி அடிமைகள் இருவரை விடுவித்தவர், அடிமைமுறையை ஒழிக்க முற்படவில்லை.

இம்முரண்பாட்டைத் தனிமனிதக் குறையாக மட்டுங் கொள்ளல் பொருந்தாது. தருமம் செய்த நிறுவனமும் நிலவுடைமை நிறுவனமும் ஒன்றாகவே இருந்தன. நீதியான அளவை வேண்டுமென்ற குரல் எழுந்தது. நிலம் யாருக்குரியது என்ற வினா எழவில்லை. கிறகோரியார் விட்டுச்சென்ற மரபின் பெருமையும் வரம்பும் இதுவேயாம்.