உட்கார இடம் உண்டா? இந்திய அருங்காட்சியகங்களும் இருக்கையின் வரலாறும்

அருங்காட்சியகக் கூடம் ஒன்றுக்கு மாடுலர் இருக்கை வடிவமைக்கும் வேலை பெரும்பாலும் சிறிய வேலையாகவே கருதப்படுகிறது. பயிற்சிக்கு வரும் வடிவமைப்பு மாணவரிடம் அதைத் தயங்காமல் ஒப்படைத்துவிடலாம். ஆனால் அருங்காட்சியகம் யாருடைய உடலை மனத்தில் கொண்டு கட்டப்பட்டது என்ற பழைய கேள்வியை அந்தப் பெஞ்சு சுமந்து நிற்கிறது.

கல்கத்தாவில் 1814இல் ஆசியக் கழகத்தின் முயற்சியால் இந்திய அருங்காட்சியகம் தோன்றியது. சென்னையில் 1851இல் அரசு அருங்காட்சியகம் உருவானது. திரட்டுவதும் வகைப்படுத்துவதுமே இவற்றின் முதன்மை நோக்கங்கள். மக்களோ இவற்றுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டனர். வங்காளத்தில் ‘ஜாதுகர்’, வடக்கே ‘அஜாயப்கர்’, சென்னையில் ‘செத்த காலேஜ்’. உயிரியல் பூங்கா ‘உயிர் காலேஜ்’ ஆனதால் வந்த இணைப்பெயர் இது. மாயமும் வியப்பும் வேடிக்கையும் கலந்த இப்பெயர்கள், நடந்துகொண்டே பார்க்கும் ஓர் அனுபவத்தைக் குறிக்கின்றன. ஒரு பொருளின் முன் அமர்ந்து நேரம் செலவிடும் பார்வையாளர் அவற்றில் இல்லை.

அந்தப் பார்வையாளரின் உடல் ஆய்வுப் பொருளானது அமெரிக்காவில். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பேழைகளுக்குள் இருப்பதைக் காண ஒருவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் நிற்க நேர்கிறது என்பதை ஒளிப்படங்களாகப் பதிந்து 1916இல் வெளியிட்டார். ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்ற கருத்து அக்கட்டுரையின் வழியே நிலைபெற்றது. பார்வையாளரின் சலிப்புக்கு அவரது அறியாமையைக் காரணம் காட்டிய காலத்தில், காட்சியமைப்பின் மீது குற்றம் சுமத்தியதே கில்மனின் பங்களிப்பு.

விடுதலைக்குப் பின் தில்லி தேசிய அருங்காட்சியகம் 1949இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்கி, 1960இல் ஜன்பத் சாலையில் தனக்கான கட்டடத்தைப் பெற்றது. இடையே 1958இல் சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் தங்கள் ‘இந்திய அறிக்கை’யை அளித்தனர்; 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அதே ஈம்ஸ் இணையர் 1962இல் சிகாகோ, வாஷிங்டன் விமான நிலையங்களுக்கென ஒரே உலோகத் தண்டின் மீது தேவையான எண்ணிக்கையில் இருக்கைகளைப் பொருத்தும் முறையை வடிவமைத்தனர். பொது இடத்து மாடுலர் இருக்கையின் அடிப்படை அதில் தெளிவாகத் தெரியும்: அலகு ஒன்று, சேர்க்கைகள் பல.

அலகு என்ற கருத்தை இந்தியச் சூழலில் வேறுவிதமாகக் கையாண்டவர் சார்லஸ் கொரியா. சபர்மதி ஆசிரமத்தில் 1963இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் கட்டடமே அலகுகளால் ஆனது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள ஓட்டுக்கூரைக் கூடங்கள், அவற்றிடையே திறந்த வெளிகள், நடுவே ஒரு நீர்முற்றம். காட்சிக் கூடத்திலிருந்து சில அடிகளில் நிழலுக்கோ நீரருகிலோ ஒதுங்கிவிடலாம். தனியாக ஒரு பெஞ்சு செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியை அங்கே கட்டடமே செய்துவிடுகிறது.

குளிரூட்டப்பட்ட மூடிய கூடங்களில் அந்த வசதி இல்லை. அங்கே இருக்கை அலகு பல கட்டளைகளுக்கு ஒருசேரப் பணியவேண்டும். காட்சி மாறும்போது இரண்டு பணியாளர் தூக்கி நகர்த்தக்கூடிய எடை வேண்டும். ஆனால் குழந்தைகள் இழுத்துச் சென்று ஓவியத்தின் அருகே ஏறி நிற்கவும் முடியக்கூடாது. இணைப்புகளில் விரல் சிக்கலாகாது. சக்கர நாற்காலியின் வழியை மறிக்கலாகாது. ஓக் போன்ற சில மரங்களிலிருந்து வெளிப்படும் அமில ஆவி ஈயப் பொருள்களை அரிக்கும் என்பதால், மரத்தைத் தேர்வதும் பொருள் பாதுகாப்பின் பகுதியாகிறது. தரையில் சம்மணமிட்டுப் பழகிய உடலுக்கு அகன்ற தாழ்ந்த மேடை ஏற்றது. மூட்டுவலி உள்ள முதியவருக்கோ ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரமும், எழும்போது ஊன்றக் கைப்பிடியும் தேவை. இருவருக்கும் இடம் தரவேண்டும் என்பதுதான் அலகுமுறைக்கான வலுவான நியாயம். ஒரே அச்சில் வார்த்த பெஞ்சு ஒரே வகை உடலை மட்டுமே எதிர்பார்க்கிறது.

தமிழில் ‘இரு’ என்ற வினைக்கு உட்கார், தங்கு, உளதாகு எனப் பொருள்கள் பல. அதிலிருந்து பிறந்த ‘இருக்கை’ என்ற சொல் அமருமிடத்தையும் குறிக்கிறது, பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பதவியையும் குறிக்கிறது. ஓரிடத்தில் தங்க உரிமை உள்ளவருக்கே அங்கு அறிவிலும் பங்கு உண்டு என்பதை அச்சொல் உணர்த்துவதாகக் கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. நெடுநேரம் நிற்க இயலாதவருக்கு அவ்வுரிமை நடைமுறையில் ஒரு பெஞ்சில்தான் தொடங்குகிறது.

எனவே ஓர் அருங்காட்சியகத்தை மதிப்பிட அதன் சேகரிப்புப் பட்டியல் மட்டும் போதாது. இருக்கைகள் எங்கே இடப்பட்டுள்ளன, அவை எதை நோக்கியுள்ளன, நாள் முழுதும் நின்று காவல் காக்கும் ஊழியருக்கு ஒன்றேனும் உண்டா என்பதையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு சிலையின் முன் அரைமணி நேரம் அமர்ந்திருக்க யாரை அந்த நிறுவனம் எதிர்பார்த்தது என்பதற்கான ஆவணம் அதுவே.