சாவின் காரணம்: ஒரு கட்டத்தின் வரலாறு

என் பெரியப்பா முப்பது வருஷம் சாயப்பட்டறையொன்றில் பாய்லருக்கு விறகு தள்ளியவர். கடைசி நாலு வருஷம் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டும். 'புகை உள்ள வந்துட்டுப் போகலடா, அங்கயே குடியேறிருச்சு' என்பார். அவர் இறந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த தாளில், 'சாவின் காரணம்' என்ற கட்டத்தில் 'இருதயச் செயலிழப்பு' என்றிருந்தது. வாசித்துக் காட்டினேன். 'எல்லாருக்கும் நெஞ்சு நின்னுதானே போகுது, இதச் சொல்ல ஒரு டாக்டரா?' என்றார் பெரியம்மா.

பெரியம்மாவின் கேள்வி மருத்துவத்தோடு நிற்பதில்லை. வரலாற்றுக்கும் அதிகாரத்துக்கும் உரியது. புகையால் வரும் சாவுக்குப் பெயர் வைப்பது யார்? அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம்.

1

புகை பற்றிய புகார் புதுசல்ல. 1661இல் ஜான் ஈவ்லின் லண்டன் புகை குறித்து ஒரு சிறுநூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். நுரையீரல் கெடுவதை அதில் விவரித்தார். அவர் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? சாயக்காரர்கள், சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள், பீர் வடிப்பவர்கள் ஆகியோரின் உலைகளை நகரத்துக்குக் கிழக்கே, தேம்ஸ் நதியின் கீழ்ப்போக்கில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அங்கே இருப்பவர்கள் எதைச் சுவாசிப்பார்கள்? அந்தக் கேள்விக்கு அரண்மனையை நோக்கி எழுதப்பட்ட பிரதியில் இடமில்லை. புகையை ஒழிப்பது ஒன்று, இடம் மாற்றுவது வேறொன்று. அதிகாரம் பின்னதைச் செய்துவிட்டு முன்னதன் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. எண்ணூரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலனி ஆட்சி இங்கே கொண்டுவந்த 1905ஆம் ஆண்டு வங்காளப் புகைத் தொல்லைச் சட்டமும், 1912ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமும் புகையைத் 'தொல்லை' என்றன. அக்காலத்தில் புகையை அளந்த கருவி ரிங்கல்மான் அட்டை. வெள்ளைப் பரப்பில் படிப்படியாக அடர்ந்துபோகும் கறுப்புக் கோடுகள். புகைபோக்கியிலிருந்து வருவதை அதோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். ஆக, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதே குற்றம். சல்பர் டை ஆக்சைடுக்கு நிறம் கிடையாது. அது அட்டைக்குள் சிக்காமல் நெஞ்சுக்குள் மட்டும் போனது.

2

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையவில்லை. கீழே குளிர்ந்த காற்று, அதன்மேல் மூடிபோட்டதுபோல் வெப்பக் காற்று. வீட்டுக் கணப்புகளும் மின்நிலையங்களும் கக்கிய நிலக்கரிப் புகைக்கு வெளியேற வழியில்லை. போர்க்கடனில் இருந்த நாடு நல்ல கரியை ஏற்றுமதி செய்தது. தூளும் துண்டுமான மட்டக்கரி மட்டும் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து ரேஷன் இல்லாமல் கிடைத்தது. 8ஆம் தேதி ஓர் அரங்கத்துக்குள் புகை நுழைந்து ஓபராவை நிறுத்த வேண்டிவந்தது. ஸ்மித்ஃபீல்ட் கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சடைத்துச் செத்தன. மாடுகளின் சாவு செய்தியாயிற்று. மனிதர்கள் அவரவர் வீட்டில் தனித்தனியாகச் செத்தார்கள். முதியவர்கள், கைக்குழந்தைகள், ஏற்கெனவே நெஞ்சு நோயுள்ளவர்கள். இது ஒரே சாவு என்று தெரியவே நாளானது.

எண்ணிப் பார்த்தபோது வழக்கத்தைவிடச் சுமார் 4,000 சாவு அதிகம். அடுத்த சில மாதங்களிலும் எண்ணிக்கை இறங்கவில்லை. அந்தச் சாவுகளுக்கு அரசு 'இன்ஃப்ளுயன்சா' என்று பெயர் வைத்தது. 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மறுகணக்குப் போட்டு, மொத்தம் 12,000 அளவில் இருக்கும் என்றார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலில் போனவர்களாகவே கிடந்தார்கள்.

அப்போதைய வீட்டுவசதி அமைச்சர் ஹெரால்டு மாக்மில்லன் 1953இல் ரகசியக் குறிப்பொன்று எழுதினார். நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம், ஒரு குழு போடலாம் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், போடப்பட்ட பீவர் குழு நிஜமாகவே வேலை செய்துவிட்டது. பத்திரிகைகளும் உறுப்பினர்களும் விடவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டுக் கணப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியை அரசே கொடுத்தது. சும்மா தடை போட்டிருந்தால் ஏழை குளிரில் செத்திருப்பான்.

3

நமது காற்றுச் சட்டம் 1981இல் வந்தது, 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் கொடுத்த வாக்குக்காக. அதன்படி நீதிமன்றம் போக உரிமை வாரியத்துக்கு மட்டும்தான். மூச்சு விடுகிறவனுக்குக் கிடையாது. 1984இல் போபால் செத்த பிறகு, 1987 திருத்தம் குடிமகனுக்கு அந்த உரிமையைத் தந்தது. அதுவும் 60 நாள் முன்னறிவிப்போடு! 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் இதன் முக்கியக் குற்றங்களுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமாக்கியது. கட்டத் தவறினால்தான் சிறை என்ற பேச்சு.

நுண்துகளுக்கு 2009இல் நாம் வகுத்த ஆண்டுச் சராசரி எல்லை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. எட்டு மடங்கு நஞ்சைச் சுவாசித்தாலும் 'வரம்புக்குள் இருக்கிறது' என்ற வாக்கியம் சட்டப்படி உண்மையாகிவிடுகிறது.

2019 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், மாசுக்கும் ஆயுள் குறைவதற்கும் தொடர்பிருப்பதாக எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என்று மக்களவையில் சொன்னார். அடுத்த ஆண்டு லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு, 2019இல் மட்டும் இந்தியாவில் 16.7 லட்சம் சாவுகளுக்குக் காற்று மாசைக் காரணமாக மதிப்பிட்டது. அவற்றில் 6 லட்சம் அடுப்புப் புகையால். அடுப்பங்கரை வாசலில் எந்த வாரியமும் வந்து நின்றதில்லை.

புள்ளிவிவரம் முகமில்லாத எண்ணைத் தருகிறது. சட்டமோ இந்த உடல், இந்தப் புகை என்று முகத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் ஆலை முதலாளிகள் தப்பிப் போகிறார்கள்.

4

அந்தச் சந்து ஒருமுறை அடைபட்டது. லண்டனில் நெடுஞ்சாலை ஓரம் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். 2014 விசாரணை மூச்சுச் செயலிழப்பு என்று முடித்தது. தாய் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாட்களையும் அருகிலிருந்த காற்றுமானிப் பதிவுகளையும் சேர்த்து வாசித்தார்கள். 2020 டிசம்பரில், சாவின் காரணங்களில் ஒன்றாகக் 'காற்று மாசு' அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது. பிரிட்டனில் அதுவே முதல் தடவை. 1952இன் ஆயிரங்களுக்குக் கிடைக்காத சொல் அது.

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்று தோழர்கள் கேட்கலாம். புகை நிற்காதுதான். ஆனால் காரணம் எழுதப்படாத சாவுக்கு எதிராளி கிடையாது. எதிராளி இல்லாத இடத்தில் வழக்கும் கிடையாது, போராட்டமும் கிடையாது. யார் செத்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், புகைபோக்கி எத்தனை தூரம், எந்த மாதம் மூச்சு முட்டியது. இதை நாமே எழுதிவைக்க ஒரு நோட்டுப் போதும். 60 நாள் நோட்டீஸ் அனுப்புகிறவன் கையில் அதுதான் இருக்கும்.

என் நோட்டில் முதல் வரி பெரியப்பாவுடையது. எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியம்மா, இருமி முடித்துவிட்டு, 'என் அடுப்பையும் எழுதிக்கப்பா' என்றார்.