ரெய்டும் 300 மணி நேரக் கணக்கும்

1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் ரெய்டு பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க. விலையுயர்ந்த பெரிய டிஸ்க்குக்குப் பதிலா மலிவான சின்ன டிஸ்க்குகளை அடுக்கலாமேங்கிறதுதான் யோசனை. சிக்கலையும் அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு டிஸ்க் சராசரியா 30,000 மணி நேரம் உழைக்கும்னா, 100 டிஸ்க் சேர்ந்த அடுக்கில் 300 மணி நேரத்துக்கு ஒண்ணு காலி. ரெண்டு வாரம்கூட தாங்காது!

அதுக்குத்தான் உபரி டிஸ்க். ஆனா பாருங்க மக்கா, பழுதை எவ்வளவு சீக்கிரம் சரி பண்றோம்ங்கிறதும் அவங்க சூத்திரத்துல இருக்கு. ஒண்ணு செத்ததே தெரியலைன்னா சூத்திரம் பொய்யாயிடும். ரெய்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்... அடுத்ததும் போற வரைக்கும்.

லினக்ஸில் நீல் பிரவுன் எழுதிய எம்டிஅட்ம் கருவி, டிஸ்க் போனா மடல் அனுப்பும். அந்த மடல் நமக்கு வந்து சேருதான்னு சோதிக்கவும் அதிலேயே வழி இருக்கு. புது சர்வரில் நான் முதலில் பண்றது அதைத்தான். நீங்க பார்த்தாச்சா?